வீடியோவில் புரிந்தது, தாளில் காணோம்: அறிவியல், பொருளியல் நடத்துகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

இயற்பியல்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்கத்தான் இந்த இழை.

ஒன்பதாம் வகுப்புக்குத் தடையின்றி விழும் பொருள்கள் பற்றிய பாடம். அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், 1971 ஆகஸ்டில் நிலவில் நின்றபடி ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் இறகும் பிடித்து ஒரே நேரத்தில் விடுவாரே, அந்த வீடியோவைப் போட்டேன். சுத்தியல் 1.32 கிலோ, இறகு 30 கிராம். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடும். பிள்ளைகள் கைதட்டினார்கள். "புரிந்ததா?" என்றேன். "புரிந்தது டீச்சர்" என்று ஒரே குரல். நல்ல வகுப்பு எடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் சிறு தேர்வு. 1 கிலோ இரும்புக் குண்டையும் 2 கிலோ இரும்புக் குண்டையும் ஒரே மாடியிலிருந்து விட்டால் எது முதலில் விழும்? பாதிக்கு மேற்பட்டவர்கள் "2 கிலோ குண்டு, பாதி நேரத்தில்" என்று எழுதியிருந்தார்கள். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு விடை: "நிலவில் காற்று இல்லை, அதனால் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் இரண்டும் ஒன்றாக விழுந்தன." ஈர்ப்பே இல்லையென்றால் விழுவது எப்படி என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒருவர் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். வெவ்வேறு பெஞ்சில் உட்கார்ந்த பலர் அதையே எழுதியிருக்கிறார்கள்.

வீடியோவில் பிழை இல்லை. பிள்ளைகளும் கவனித்துத்தான் பார்த்தார்கள். பிறகு எங்கே கோட்டை விட்டேன்? 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீடியோ போட்டு நடத்துகிறவர்கள், போடுவதற்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?

வெட்டி_ஒட்டுபவன்

டீச்சர், நான் கல்வி வீடியோக்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறவன். நீங்கள் சொன்னது எங்கள் வேலையின் அடிமடியில் இருக்கும் சிக்கல்.

யூடியூபில் வெரிட்டாசியம் என்ற அறிவியல் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். நியூட்டன் விதிகளைத் தெளிவாக, சுருக்கமாக, நல்ல படங்களோடு விளக்கும் வீடியோவை ஒரு குழுவுக்குக் காட்டினார். இன்னொரு குழுவுக்கு ஓர் உரையாடல். அதில் ஒருவர் மாணவர்கள் வழக்கமாக நினைக்கும் தவறான கருத்தையே வாய்விட்டுச் சொல்வார், மற்றவர் அதைக் கேள்வி கேட்டுக் கேட்டு அவிழ்ப்பார். தெளிவான வீடியோவைப் பார்த்தவர்கள் "எளிதாகப் புரிந்தது" என்றார்கள், ஆனால் மதிப்பெண் நகரவே இல்லை. அதோடு தங்கள் தவறான விடை மீது அவர்களுக்கு நம்பிக்கை கூடியிருந்தது. உரையாடலைப் பார்த்தவர்கள் "குழப்பமாக இருக்கிறது" என்றார்கள். மதிப்பெண் ஏறியது அவர்களுக்குத்தான்.

காரணம் இதுதான். பிள்ளையின் தலையில் ஏற்கெனவே ஒரு விடை உட்கார்ந்திருக்கிறது. தெளிவான வீடியோ அதைத் தொடாமல் பக்கத்தில் ஓடிப் போகிறது. பார்ப்பவர் தனக்குத் தெரிந்ததைத்தான் வீடியோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். உங்கள் வகுப்பில் "கனமானது வேகமாக விழும்" என்ற எண்ணத்தை யாரும் வெளியே எடுத்து மேசை மேல் வைக்கவில்லை. அதனால் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்த நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை, அதாவது பாதிப் பார்வைகளாவது அதற்குள் முடிந்துவிட்டன. 40 நிமிடத்தை முழுசாகப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

பதினொன்றாவது_மாணவி

நான் ஸ்டூடன்ட். இங்க பேசலாமான்னு தெரியல, ஆனா உண்மையைச் சொல்லணும்னு தோணுச்சு.

வீடியோ பார்க்கும்போது நிஜமாவே புரியுது டீச்சர். நாங்க பொய் சொல்லல. ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குச் சரியாப் போய்ச் சேருது, எங்கயும் தடங்கல் இல்ல. வெள்ளைத் தாளை வச்சு உட்கார்ந்தா முதல் வரி எதுன்னே வரமாட்டேங்குது. அப்பதான் தெரியுது, வீடியோல வர்ற அண்ணா யோசிச்சதை நான் பார்த்துக்கிட்டு இருந்தேன், நான் யோசிக்கலன்னு.

இன்னொண்ணு. எங்க கெமிஸ்ட்ரி மிஸ் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி "இதுல இருந்து என்ன தெரியுது?"ன்னு கேப்பாங்க. அது இன்னும் மோசம், கதையே அறுந்துபோயிடும். நிறுத்துற இடம்னு ஒண்ணு இருக்கணும். எல்லா இடத்துலயும் நிறுத்தினா எங்கயும் நிறுத்தாத மாதிரிதான்.

பழைய_சுண்ணக்கட்டி

மாணவி சொன்ன கடைசி வரியை ஆசிரியர்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சொன்னாய் அம்மா, தயங்காமல் எழுது.

நான் நெடுங்காலம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நிறுத்த வேண்டிய இடம் எது என்பதற்கு என்னிடம் ஒரே விடைதான் உண்டு: கை விடுபடுவதற்கு ஒரு நொடி முன்னால். ஸ்காட் சுத்தியலையும் இறகையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அங்கே நிறுத்துங்கள். என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். எழுதிவிட்டால் அது அவரவர் வாக்கு, பின்வாங்க முடியாது. பிறகு பக்கத்திலிருப்பவரோடு 2 நிமிடம் வாதாடட்டும். அதன் பிறகு வீடியோவை ஓட விடுங்கள்.

இது என் சொந்த அனுபவம் மட்டும் அல்ல. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் குழுவினர் வகுப்பறைச் செய்முறைகளை வைத்து இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும் பார்க்கவே பார்க்காத மாணவர்களுக்கும் பின்னால் கேட்டபோது பெரிய வேறுபாடு இல்லை. பார்ப்பதற்கு முன் கணித்தவர்கள் தெளிவாக மேலே நின்றார்கள். அதற்குக் கூடுதலாகச் செலவானது சில நிமிடங்களே. கண்முன் நடந்த செய்முறைக்கே இந்த நிலை என்றால் திரையில் ஓடுவதற்கு என்ன சொல்ல?

முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் போடுங்கள். விவரிப்பவர் குரல் வந்த உடனே பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஊமைப் படமாகப் பார்த்துவிட்டு "என்ன கண்டாய்?" என்று கேட்டால் சிலர் தாங்கள் கணித்ததையே கண்டதாகச் சொல்வார்கள். ஆமாம், ஒன்றாக விழுந்ததை நேரில் பார்த்துவிட்டு "சுத்தியல் கொஞ்சம் முன்னாடி" என்பார்கள். மறுபடி போடுங்கள். அந்த இரண்டாவது பார்வையில்தான் பாடம் நடக்கிறது.

பருவகாலங்களுக்கும் இதே கதைதான். சூரியன் கிட்டே இருந்தால் கோடை என்று பிள்ளைகள் உறுதியாக நம்புவார்கள். சுழலும் பூமியின் அழகான அனிமேஷனைப் பத்து தடவை போட்டாலும் அந்த நம்பிக்கை அசையாது. சில அனிமேஷன்களில் பூமியின் பாதையை நீள்வட்டமாக இழுத்து வரைந்திருப்பார்கள், அது தவறான எண்ணத்தை இன்னும் இறுக்கிவிடும். வீடியோவுக்கு முன்னால் ஒரு தகவலை மட்டும் பலகையில் எழுதுங்கள்: பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், 15.2 கோடி. வட கோளத்தில் ஜனவரி குளிர்காலம். இதை எப்படி ஒத்துப்போகச் செய்வாய் என்று கேளுங்கள். அந்த முடிச்சு விழுந்த பிறகு பூமியின் அச்சின் 23.5 பாகைச் சாய்வைக் காட்டும் வீடியோவைப் போட்டால் பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

சந்தைக்காரி

ஐயா சொல்வது இயற்பியலுக்கு அச்சாகப் பொருந்தும். நான் பொருளியல் நடத்துகிறேன். எங்கள் பாடத்தில் அப்படியே வராது. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலவில் விழுந்தது உண்மையான இறகு. கேமரா அதைப் பதிவு செய்தது, அது சான்று. பொருளியல் வீடியோவில் தேவைக் கோடு (வாங்குகிறவர்கள் பக்கம்) கீழே இறங்கி, அளிப்புக் கோடு (விற்கிறவர்கள் பக்கம்) மேலே ஏறி, இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று மின்னுகிறதே, அது யாரோ வரைந்த படம். அங்கே எந்தச் சந்தையும் நடக்கவில்லை. "கணித்துவிட்டுப் பார்" என்றால் பிள்ளை எதைப் பார்த்துத் தன் கணிப்பைச் சரிபார்க்கும்? வரைந்தவர் நினைத்ததை வைத்துத்தான். ஆனால் அது அறிவியல் வீடியோ மாதிரியே தோற்றம் தருவதால் கோட்பாட்டையே கண்ணால் பார்த்த உண்மையாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்.

அதனால் என் வகுப்பில் வீடியோ கடைசியில்தான் வரும். முதலில் சந்தையை நடத்திவிடுவோம். பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் தன் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்தி 1948இல் வெளியிட்ட சோதனை, அதை வெர்னன் ஸ்மித் திருத்தி 1962இல் வெளியிட்டார். பின்னால் 2002இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நான் செய்யும் எளிய வடிவம் இது. 16 பேர். 8 பேர் வாங்குகிறவர்கள், அவர்களுக்கு 10, 9, 8, 7, 6, 5, 4, 3 என்று எழுதிய சீட்டுகள்; சீட்டில் உள்ள எண்ணுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 8 பேர் விற்கிறவர்கள், அவர்களுக்கு 1 முதல் 8 வரை. அந்த எண்ணுக்குக் கீழே விற்கக் கூடாது. சீட்டை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. கூவிப் பேரம் பேச வேண்டும். ஒவ்வொரு பேரம் முடிந்ததும் விலையைப் பலகையில் எழுதுவேன்.

முதல் சுற்றில் விலை 3, 8 என்று தாறுமாறாக இருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில், யாரும் சொல்லாமலே, பேரங்கள் 5க்கும் 6க்கும் இடையில் வந்து குவியத் தொடங்கும், 5 பேரங்களோடு சந்தை ஓயும். "யார் இந்த விலையை முடிவு செய்தது?" என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாச் சீட்டுகளையும் வாங்கி வரிசைப்படுத்தி இரண்டு கோடுகளையும் வரைவோம், பிறகு வீடியோ. அப்போது திரையில் மின்னும் அந்தப் புள்ளி அவர்கள் தொண்டை கட்டக் கத்திக் கண்டுபிடித்த இடம்.

எல்லாவற்றையும் விளையாட்டாக நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஒப்பீட்டு நன்மை (ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டில் மலிவாக வருவதைச் செய்து மற்றதை வாங்கினால் இருவருக்கும் லாபம் என்பது) நடத்தும்போது பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோவின் 1817ஆம் ஆண்டுக் கணக்கையே கொடுத்துவிடுவேன். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேர் உழைப்பு, குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. "பிறகு அது எதற்கு இங்கிலாந்திடம் துணி வாங்க வேண்டும்?" இதை எழுதிக் கணக்குப் போட்டு, இரு நாட்டுக்கும் சேர்த்து இங்கிலாந்து துணி மட்டும் நெய்தால் 220க்குப் பதில் 200 பேர் போதும், போர்ச்சுகல் ஒயின் மட்டும் செய்தால் 170க்குப் பதில் 160 போதும் என்று அவர்களே கண்டுபிடிக்கும் வரை வீடியோவைத் திறக்க மாட்டேன்.

பத்தாவது_அப்பா

நான் ஆசிரியர் இல்லை. என் பையன் மணிக்கணக்கில் பாட வீடியோ பார்க்கிறான். கேட்டால் "படித்துவிட்டேன்" என்கிறான். எனக்கு அந்தப் பாடங்கள் தெரியாது, கேள்வி கேட்கவும் தெரியாது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதினொன்றாவது_மாணவி

அங்கிள், உங்களுக்குத் தெரியாததுதான் நல்லது. எங்க அம்மாவுக்கும் தெரியாது. வீடியோ முடிஞ்சதும் போனை வாங்கி வச்சுட்டு "எனக்குச் சொல்லு"ம்பாங்க. நான் சொல்லுவேன். "அது ஏன் அப்படி?"ன்னு ஒரே கேள்வி. மூணாவது "ஏன்"ல மாட்டிக்குவேன். எங்க மாட்டினேனோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் போய்ப் பார்ப்பேன். முழுசா திரும்பப் பார்க்கிறதைவிட அது ரொம்ப உதவுது.

வெட்டி_ஒட்டுபவன்

மாணவியின் அம்மா செய்வது ஆய்வில் உறுதியான வழி. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் காட்டியது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்துக் கேட்டால் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்துகிறார்கள். வீடியோவுக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

அப்பாவுக்கு இன்னொன்று. 2018இல் கார்டஸ், ஓப்ரையன் என்ற இருவர் செய்த சோதனைகளில், மேசைவிரிப்பை மேலே உள்ள பாத்திரங்கள் விழாமல் உருவும் வித்தை போன்றவற்றை வீடியோவில் பலமுறை பார்த்தவர்கள் தங்களாலும் முடியும் என்று உறுதியாக நம்பினார்கள். செய்யச் சொன்ன திறமைகளில் அவர்கள் கை முன்னேறவே இல்லை. எனவே பையன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே படித்துவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. திட்டாதீர்கள்.

சான்று_எங்கே

சந்தைக்காரி அவர்களிடம் ஒரு மறுப்பு. விளையாட்டு நடத்தினாலும் நீங்களும் ஒரு பக்கத்தைத்தானே காட்டுகிறீர்கள்? அந்த 16 சீட்டுச் சந்தை எப்போதும் ஒழுங்காக முடிகிறது. நிஜத்தில் வேலை, கூலி, வாடகை எல்லாம் அப்படியா? பொருளியல் வீடியோக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, வளரும் பிள்ளைகளிடம் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது என்று நினைக்கிறேன்.

சந்தைக்காரி

நியாயமான கேள்வி. ஆனால் முடிவோடு உடன்பட மாட்டேன். நாம் காட்டாவிட்டாலும் பிள்ளைகள் அவற்றைத் தனியாகப் பார்க்கத்தான் போகிறார்கள். நம் கண்முன் பார்க்கட்டும்.

குறைந்தபட்சக் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு வரையும் வீடியோ "கூலியை உயர்த்தினால் வேலை குறையும்" என்று முடிவாகச் சொல்லும். அதைப் போட்டுவிட்டு, இதில் எது அளந்து பார்த்தது, எது அனுமானம், எது "இப்படி இருக்க வேண்டும்" என்ற விருப்பம் என்று மூன்று நிறத்தில் குறிக்கச் சொல்வேன். பிறகு பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்டதைச் சொல்வேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது, பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டிலுமாக 410 துரித உணவகங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால் நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அங்கேயே விடவும் மாட்டேன். நியூமார்க், வாஷர் இருவரும் சம்பளப் பதிவேடுகளை வைத்துப் பார்த்து 2000இல் வேறு முடிவு சொன்னார்கள், அதற்குக் கார்டும் க்ரூகரும் பதில் எழுதினார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது, ஆனாலும் விவாதம் ஓயவில்லை.

"கடைசியில் யார் சரி மிஸ்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிடலாமே என்று எனக்கும் நாக்கு துடிக்கும். சொல்லாமல், "இதை முடிவு செய்ய இன்னும் என்ன எண் உனக்கு வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பேன். 15 வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குத் தரும் விடைகள் சில நேரம் என்னையே பிரமிக்க வைக்கும்.

சான்று_எங்கே

மூன்று நிறம் நல்ல யோசனை. உடன்படாத இடம் இன்னும் இருக்கிறது, ஆனால் "கொண்டுபோகவே கூடாது" என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

இயற்பியல்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், அதே வகுப்பில் அதே வீடியோவை மறுபடி போட்டேன்.

பழைய_சுண்ணக்கட்டி ஐயா சொன்னபடி, கை விடுபடும் முன் நிறுத்தினேன். "ஏற்கெனவே பார்த்ததுதானே டீச்சர்" என்றார்கள். நான் முடிவைக் கேட்கவில்லை. "நிலவில் ஈர்ப்பு உண்டா இல்லையா, அதை இந்த வீடியோவை வைத்தே நிரூபி" என்று எழுதச் சொன்னேன். இல்லை என்று எழுதியவர்களில் ஒரு பையன் எழுந்து, இறகு மிதக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினான். பின்னாலிருந்து ஒரு பெண், "அப்போ சுத்தியலும் மிதக்கணுமே, அவர் கால் ஏன் தரையில நிக்குது?" என்றாள். வகுப்பு முழுக்க அவள் பக்கம் திரும்பியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி விழும் நேரத்தை எண்ண வைத்தேன். உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர். பூமியில் என்றால் 0.6 நொடிக்குள் தரையைத் தொட்டிருக்கும். இவர்கள் எண்ணியது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். h = ½gt² (h உயரம், t நேரம், g ஈர்ப்பு முடுக்கம்) என்று போட்டு g கண்டுபிடித்தார்கள். பழைய படம் மங்கலாக இருப்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை, ஆனால் ஒருவருக்கும் பூமியின் மதிப்பான 9.8 கிட்டே வரவில்லை, சுழியும் வரவில்லை. நிலவின் சரியான மதிப்பு 1.62 என்று நான் சொன்னபோது ஒரு குழு கைதட்டியது. இந்தக் கைதட்டல் வேறு.

எல்லாம் சரியாகிவிடவில்லை. 1 கிலோ, 2 கிலோ கேள்வியை மறுபடி கேட்டேன், சிலர் இன்னும் "2 கிலோ" என்கிறார்கள். அந்தப் பையனும் அதில் ஒருவன். "நிலவுல சரி டீச்சர், இங்க வேற" என்கிறான். காற்றுதான் அவனுக்குக் குறுக்கே நிற்கிறது. காற்றை அகற்றிய குழாயில் பொருள்கள் விழும் வீடியோ ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் அதைப் போடுவதற்கு முன் அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை. ஐயா, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். சந்தைக்காரி அக்கா, அந்த 16 சீட்டை எங்கள் பொருளியல் சாரிடம் காட்டினேன், சுற்றுக்கு எத்தனை நிமிடம் தர வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

பழைய_சுண்ணக்கட்டி

அவனிடம் ஒரு காகிதத்தைக் கொடுங்கள். ஒரு தடவை விரித்தபடி விடட்டும், மறு தடவை அதே காகிதத்தைக் கசக்கி உருட்டி விடட்டும். எடை மாறியதா என்று கேளுங்கள். அன்றைக்கு வீடியோ வேண்டாம்.

சந்தைக்காரி

முதல் சுற்றுக்கு 5 நிமிடம், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு 3 போதும். பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள், சத்தம் பலமாக இருக்கும்.